மாமா செத்துப்போன தொடர்

என் அக்கா புருஷன் ஏழு வருடம் டிவியில் செத்துப்போனவராக இருந்தார். வாரத்தில் ஐந்து நாள், சாயங்காலம், விளம்பரங்களோடு.

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நானும் சிரித்தவள்தான். சிரிக்காதவள் என் அக்கா ஒருத்திதான்.

மாமா ஒரு ஸ்டுடியோவில் லைட்மேன். ஏணியில் ஏறி, மேலே குறுக்கே போகும் கம்பிகளில் விளக்குகளைக் கட்டுவதும் திருப்புவதும், அந்தச் சூட்டில் வெந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பதும்தான் வேலை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றால் தலை ஆடும். "உப்பு போதுமா?" என்றால் இன்னொரு முறை ஆடும். அந்த ஆட்டத்துக்குப் போதும் என்று அர்த்தமா, போதாது என்று அர்த்தமா என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் ஆள் பார்க்க நன்றாக இருப்பார், சும்மா சொல்லக்கூடாது. அகலமான நெற்றி, இடது பக்கம் வகிடு, வலது கண்ணுக்குக் கீழே மிளகு அளவு ஒரு மச்சம். கல்யாணமான புதிதில் அக்கா அந்த மச்சத்தை ஒரு விரலால் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொண்டிருப்பாள். நான் உள்ளே போனால் கையை எடுத்துக்கொள்வாள். நான் என்ன, பார்க்காதவளா?

அவர் அப்போது வேலைக்குப் போன தொடரில் ஒரு விதவை, நான்கு பிள்ளைகள், ஒரு பெரிய வீடு. கூடத்துச் சுவரில் செத்துப்போன அப்பாவின் படத்தை மாட்ட வேண்டும். போட்டோவுக்காகச் சொல்லிவைத்திருந்த ஆள் முதல் நாள் வரவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, டைரக்டர் அண்ணாந்து பார்த்திருக்கிறார். மேலே மாமா.

"இறங்குய்யா கீழ."

விளக்கை ஏதோ தப்பாகக் கட்டிவிட்டோம் என்று பயந்துகொண்டே மாமா இறங்கியிருக்கிறார். ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டு, "சிரிக்காத, முறைக்காத" என்று சொல்லி போட்டோ எடுத்து, அன்றைக்கே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். படத்துக்குக் கீழே எப்போதும் எரிகிற ஒரு சின்ன பல்பு. அதற்கு வயர் இழுத்தவர் யார் என்கிறீர்கள்? மாமாதான். ஏழு வருடம் தினமும் காலையில் போய்த் தன்னுடைய படத்துக்கே விளக்குப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்! தொடர் தொடங்கிய நாள், மாமா வேலை பார்க்கிற தொடராயிற்றே என்று நாங்கள் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அக்கா வயிற்றில் பிள்ளையோடு, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நடிகை கூடத்துக்கு வந்தாள். சுவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னை இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று கதறினாள். கேமரா மெல்லத் திரும்பியது. சுவரில் மாமா.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா எழுந்து போய் டிவியை அணைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் சிரிப்பை நிறுத்தினேன்.

மாமா வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "இதுக்கு உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா? நான் ஒருத்தி குத்துக்கல்லு மாதிரி இங்க உக்காந்திருக்கேன், யாரோ ஒருத்தி வந்து என் புருஷன் போயிட்டாருன்னு அழறா. வயித்துல பிள்ளையோட இதை நான் பாக்கணுமா?"

மாமா தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து அக்கா அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. தொடரின் பாட்டு பக்கத்து வீட்டில் கேட்டாலே பின்பக்கம் போய்விடுவாள். நடிகையின் அழுகை அங்கேயும் வந்தால் குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விடுவாள். தொடரின் பெயரையும் சொல்ல மாட்டாள். அவள் வீட்டில் அதற்குப் பெயர் 'அது'. "அது முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடத்துக்கே வருவாள். நான் அதே வீட்டு மாடியில், என் அறையில், ஒரு நாள் விடாமல் அதைப் பார்த்தேன். எனக்கென்ன, எனக்கு அந்த நடிகையின் அழுகை பிடிக்கும்.

ஸ்டுடியோவில் எல்லோரும் மாமாவை 'அப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரைவிட வயதில் பெரிய டைரக்டரும் "அப்பா, அந்த லைட்ட கொஞ்சம் தள்ளுங்கப்பா" என்பார். கடைத்தெருவில் ஒரு அம்மாள் மாமாவைப் பார்த்துக் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டாள். பிள்ளைக்கு, என் அக்கா மகளுக்கு, பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் தனியாக ஒரு சாக்லேட் கொடுத்து, "தைரியமா இருக்கணும்மா" என்றிருக்கிறாள். பிள்ளை அதைத் தின்றுவிட்டு மறுநாளும் சோகமாகப் போய் நின்றிருக்கிறது. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

தொடர் பாதியில் போய்க்கொண்டிருந்தபோது மாமா மேலேயிருந்து விழுந்து கால் உடைந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா என்னிடம் பொரிந்து தள்ளினாள்.

"பாத்தியா? தினமும் செத்துட்டாரு, செத்துட்டாருன்னு அவ வாயால சொல்லிக்கிட்டே இருக்கா. எத்தனை லட்சம் பேர் அதைக் கேட்டு உச்சு கொட்டறாங்க! ஒரு மனுஷனுக்கு இது நல்லதா?"

"அக்கா, அது வெறும் போட்டோ."

"போட்டோன்னா? அவர் மூஞ்சிதானே அது?"



பிறகு ஒரு வழியாக அது முடிந்தது. சுவர்களைப் பிரித்து வேறு தொடருக்கு வேறு வீடு கட்டினார்கள். பன்னிரண்டு வருடம் போனது. பிள்ளை வளர்ந்து வெளியூரில் படிக்கப் போய்விட்டாள். போன வருடம் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து, ரத்தக்குழாயில் சின்னதாக ஏதோ வைத்து அனுப்பினார்கள். இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் விளக்குகள் வைக்கும் கிடங்கில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 'அது' என்ற வார்த்தையை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

நான் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். காத்திருப்பவர்களைக் கூப்பிடுவது, சமாதானம் செய்வது, டிவி போடுவது எல்லாம் என் பொறுப்பு. ஒரு நாள் அந்த டிவியில்தான் பழைய பாட்டு கேட்டது. அதே நடிகை, நரைத்த தலை, அதே கூடம். 'மீண்டும் வருகிறது' என்று பெரிய எழுத்து. காத்திருந்தவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கன்னம் வீங்கியிருந்தவர்களும் வலியை மறந்துவிட்டார்கள்.

"அந்த மூணாவது பையனும் அவன் காதலிச்ச கிளிக்குட்டியும் இந்தத் தடவையாவது சேருவாங்களா?" என்றாள் ஒருத்தி.

"அந்த வீட்ட விக்காம இருந்தா சரி" என்றார் இன்னொருவர்.

எனக்கு ஒன்று விளங்கியது. முடிந்துபோன கதை திரும்பி வருகிறது என்றால் ஆளாளுக்கு அதில் சரிசெய்ய ஒன்று பாக்கி இருக்கிறது. புதுக் கதை வேண்டுமென்று யாருக்கும் இல்லை. பழைய கதையில் தனக்கு உறுத்திக்கொண்டிருந்த அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். நிஜ வாழ்க்கையில்தான் யாரும் அப்படி மாற்றிக் கொடுப்பதில்லையே.

அந்த வாரமே தயாரிப்பு மேனேஜர் மாமாவைத் தேடிக் கிடங்குக்கு வந்துவிட்டார். கதையில் அப்பா சாகவே இல்லையாம். விபத்தில் செத்தது வேறு யாரோவாம். இத்தனை வருடம் எங்கோ நினைவு தப்பிக் கிடந்தவர் இப்போது வீடு திரும்பப் போகிறாராம். அவர் முகம் ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் வேறு ஆளைப் போட முடியாது.

மாமா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி முடிக்கவே வெகுநேரம் பிடித்தது.  அக்கா தாம் தூம் என்று குதிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"நிஜமாவா? உயிரோட வரப்போறீங்களா?" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மாமா தலையை ஆட்டினார்.

"அப்ப போங்க. கண்டிப்பா போங்க. செத்துட்டாருன்னு சொன்ன அதே வாயால அவ சாகலன்னு சொல்லட்டும். அந்த வீட்டுக்குள்ள நீங்க நடந்து போறதை நான் பாக்கணும். ஒரே ஒரு தடவை பாத்துட்டா போதும், அப்புறம் எனக்கு எந்த பயமும் இல்லை."

பத்தொன்பது வருடமாக அடுப்பைப் பார்த்துக்கொண்டே அவள் சுமந்தது எவ்வளவு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நெஞ்சு வலி வந்தது, கால் உடைந்தது, எல்லாவற்றுக்கும் அவளுக்குக் காரணம் அந்தச் சுவர்தான். என்னைக் கேட்டால் சுத்தப் பைத்தியக்காரத்தனம். ஆனால் பயப்படுகிறவளிடம் போய் உன் பயம் பைத்தியக்காரத்தனம் என்று சொன்னால், அது அவளை விட்டுப் போய்விடுமா?

மாமா படப்பிடிப்புக்குப் போக ஆரம்பித்தார். அக்கா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பாத்திரம் கழுவும்போது பாடினாள். அந்தப் பழைய தொடரின் பாட்டைத்தான் பாடினாள் என்று சொன்னால் நம்புவீர்களா? காதில் விழக் கூடாதென்று தண்ணீரைத் திறந்துவிட்டவளுக்கு ராகம் தப்பவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மாமா என் பல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோயாளிகள் வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"பல் வலியா மாமா?"

இல்லை என்று ஆடியது தலை.

"அக்காவுக்கு ஏதாவது?"

மறுபடியும் ஆடியது. பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை நான் செத்துப்போறேன்."

பக்கத்தில் கன்னத்தில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்த பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

நான் மாமாவைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போனேன். விஷயம் இதுதான். அப்பா வீடு திரும்புகிறார், நாலு பிள்ளைகளையும் பார்க்கிறார், உடனே மனைவி மடியில் தலைவைத்து உயிரை விடுகிறார். அவர் இருந்தால் பிள்ளைகள் எப்படிச் சொத்துக்குச் சண்டை போடுவார்கள்? கதை நகர வேண்டுமே! மேனேஜர் இதை முதலிலேயே சொல்லவில்லை. நேற்றுத்தான் காகிதத்தில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே? வாய்ல என்ன வெச்சிருக்கீங்க?"

"சொன்னேன். நான் வரலேன்னா வேற ஆளப் படுக்க வெச்சு, முகத்த மூடி எடுத்துக்குவாங்களாம். அப்பவும் செத்தது நான்தானே?" என்றவர், "நீ சொல்லிடேன் அவகிட்ட" என்றார்.

"நல்லா இருக்கே நியாயம்! சாகறது நீங்க, சொல்றது நானா?"

மாமா சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, நான் தூங்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு மூக்குக்குப் பக்கத்துல விரல வெச்சு வெச்சுப் பாத்துட்டிருந்தா உங்கக்கா. மூச்சு வருதான்னு. நானும் தூங்கற மாதிரியே இருந்தேன். இப்ப போய் இத எப்படிச் சொல்றது?"

அவர் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவரைத் திட்டினேன். எப்படியாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

சொல்லியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை காலை அக்கா குளித்து, நல்ல உடை உடுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு நானும் ஸ்டுடியோவுக்கு வரேன். டிவியில வர்ற வரைக்கும் யாரு காத்திருக்கறது? அந்த வீட்டுல இவர் நிக்கறதை நேர்லயே பாத்துடறேன்" என்றாள். மாமா பலமாகத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டம் அக்காவுக்குப் புரியவில்லையா, புரிந்தும் கண்டுகொள்ளவில்லையா தெரியாது. நான் அவசரமாக லீவு சொல்லிவிட்டுக் கூடவே ஓடினேன். 

ஸ்டுடியோ ஒரு பெரிய கொட்டகை. உள்ளே பலகையில் அந்த வீட்டை அப்படியே கட்டியிருந்தார்கள். நான் ஏழு வருடம் பார்த்த மாடிப்படி பாதியிலேயே நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் மாடியே இல்லை! கூடத்துச் சுவரில் ஆணியும், கீழே அந்தச் சின்ன பல்பும் மட்டும் இருந்தன. படத்தை மேக்கப் அறைக்கு எடுத்துப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மாமாவும் எங்களுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தார்.

நாங்கள் மேக்கப் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனபோது மாமா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் அவர் முகம். கொஞ்சம் பவுடர், கொஞ்சம் நரை, மற்றபடி அதே மாமா.

"இதோ இருக்காரு" என்று சிரித்துக்கொண்டே போனாள் அக்கா.

மாமா நாற்காலியோடு திரும்பினார்.

அக்கா ஓரடி பின்வாங்கினாள். பேயைக் கண்டவள் மாதிரி நின்றாள். எனக்கும் ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. மாமாதான், ஆனால் மாமா இல்லை. எங்கே தப்பு என்று பிடிபடவில்லை.

"யாரு இது? என்ன பண்ணி வெச்சிருக்கீங்க இவரை?" என்றாள் அக்கா.

மேக்கப் போடுகிற பெண் பயந்துவிட்டாள். "போட்டோவுல எப்படி இருக்காரோ அப்படியேதான் போட்டிருக்கேன்மா. பாருங்க."

அந்தப் பெரிய சட்டம் போட்ட படம் சுவரோரமாகத் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழக்கம். பிறகு மெல்லத் திரும்பி, படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அதைப் பார்த்தாள். முதல் நாள் ஒரு நொடி பார்த்ததற்குப் பிறகு அவள் அதைப் பார்ப்பது இதுதான் முதல் முறை. 

"மச்சம் இடது பக்கம் இருக்கு" என்றாள்.

"ஆமாம்மா. முதல் நாள் நாங்களும் குழம்பிட்டோம். ஜனங்களுக்கு இடது பக்கம்தான் பழக்கம்னு டைரக்டர் சொல்லிட்டாரு. அதான் வலது பக்க மச்சத்தை மறைச்சுட்டு இந்தப் பக்கம் வரைஞ்சிருக்கேன். வகிடையும் மாத்தியாச்சு."

"சட்டைப் பை வலது பக்கம் இருக்கு" என்றாள் அக்கா. அவள் கண் படத்தை விட்டு எடுபடவில்லை.

அறையின் மூலையில் கண்மேல் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார் அந்த நடிகை. அவரேதான். பஞ்சை எடுக்காமலே பேசினார்.

"அதை அப்பவே திருப்பிப் போட்டுட்டாங்கம்மா. எடுத்த படத்துல இவர் ஒரு பக்கமா பாத்துட்டிருந்தாரு. சுவர்ல மாட்டினா, நான் உக்கார்ற நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் பாக்கற மாதிரி ஆயிடுச்சு. நான் அழறேன், இவர் வாசலைப் பாத்துட்டிருக்காரு! டைரக்டர் சிரிச்சுட்டு, இடம் வலமா மாத்திப் பிரிண்ட் போடச் சொல்லிட்டாரு. அப்புறம் யாரு ஞாபகம் வெச்சுக்கறா?"

கண்ணாடி அதை மறுபடியும் திருப்பிக் காட்டியதால்தான் முதலில் எங்களுக்கு அதே மாமாவாகத் தெரிந்திருக்கிறார். எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஏழு வருடம் அந்தப் படத்தை டிவியிலும், அந்த மனிதரை வீட்டிலும் தினமும் பார்த்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் என்ன, மாமாவின் கன்னத்தை அளந்துகொண்டா இருந்தேன்?

"உங்களுக்குமா தெரியலை? உங்க மூஞ்சிதானே?" என்று அக்கா மாமாவைக் கேட்டாள்.

"சவரம் பண்றப்ப கண்ணாடியில இப்படித்தானே தெரியுது. எனக்குச் சரியாத்தான் இருந்துது" என்றார் மாமா.

பார்த்தவுடன் கண்டுபிடித்திருக்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவள்தான் பார்க்கவே மாட்டேன் என்று குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா இரண்டையும் செய்தாள். தரையில் உட்கார்ந்தபடியே, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அப்ப இத்தனை வருஷமா செத்துக்கிடந்தது வேற எவனோ! எவனோ ஒருத்தனுக்காக நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!"

மாமா இந்தச் சமயத்தை விடவில்லை. ஆயுளில் ஒரு தடவையாவது சமயம் பார்த்துப் பேசினார்.

"இன்னிக்கு அவரு மறுபடியும் சாகறாரு."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "யாரு?"

"அவரு. கதையில."

அக்கா அவரையே பார்த்தாள். எவ்வளவு நாளாக இதைச் சொல்ல முடியாமல் இவர் தவித்திருப்பார் என்று கணக்குப் போட்டாளோ என்னவோ. பிறகு படத்தைப் பார்த்தாள்.

"இடது கன்னத்துல மச்சம் இருக்கறவர்தானே?"

"ஆமா."

"தாராளமா சாகட்டும்" என்றாள் அக்கா.

நடிகை கண்மேலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, யார் இந்தப் பெண் என்பது போல் எட்டிப் பார்த்தார்.

ஆனால் சொல்வது வேறு, பார்ப்பது வேறு. கேமராவுக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். எதிரே ஒரு சின்ன டிவிப் பெட்டி, எடுப்பதை அப்படியே காட்டுவதற்கு. மாமா அந்த நடிகையின் மடியில் தலைவைத்துப் படுத்தார். வசனம் எதுவும் இல்லை. மூச்சு மெல்ல மெல்ல அடங்க வேண்டும், அவ்வளவுதான். அசையாமல் இருப்பதில் மாமாவை மிஞ்ச ஆள் ஏது? நெஞ்சு ஏறி இறங்கியது, ஒரு தடவை தயங்கியது, நின்றுவிட்டது.

நடிகை கதறவில்லை. குனிந்து, "வந்தது இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார்.  அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வலி தாங்கவில்லை. சின்ன டிவியில் இடது கன்னத்து மச்சம் பளிச்சென்று தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "அது இவர் இல்ல, அது இவர் இல்ல" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"கட்!"

எல்லோரும் கை தட்டினார்கள். நடிகை மாமாவின் தலையை மெல்லத் தூக்கித் தலையணையில் வைத்துவிட்டு எழுந்தார். யாரோ டீ கேட்டார்கள். யாரோ சிரித்தார்கள். மாமா எழுந்திருக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்தேன். அப்போதும் எழுந்திருக்கவில்லை.  அக்கா என் கையை உதறிவிட்டு எழுந்தாள். தரையில் கிடந்த வயர்களைத் தாண்டி, கேமராவைத் தாண்டி, அந்த வெளிச்சத்துக்குள் ஓடினாள். இத்தனை வருடம் எட்டிப்பார்க்காத அந்தக் கூடத்துக்குள் போய் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் மூக்கருகே விரலைக் கொண்டுபோனாள்.

மாமா கண்ணைத் திறந்தார்.

"என்னங்க ஆச்சு? ஏன் எழுந்திருக்கல?"

"லைட் இன்னும் அணைக்கலையே" என்றார். "மேல லைட் எரியற வரைக்கும் ஷாட் முடியலன்னு அர்த்தம்."

அவர் லைட்மேன். அவருக்கு அவர் நியாயம். அடித்துக் கொல்லலாம் போல இருந்தது எனக்கு.

 அக்கா மேக்கப் பெண்ணைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவள் ஈரப் பஞ்சைக் கொடுத்தாள். அக்கா முதலில் இடது கன்னத்தைத் துடைத்தாள். மச்சம் ஒரே இழுப்பில் பஞ்சோடு வந்துவிட்டது. பிறகு வலது கண்ணுக்குக் கீழே துடைக்கத் தொடங்கினாள். அங்கே பூச்சு கனமாக இருந்தது.

"அம்மா, இன்னொரு டேக் எடுக்கணும், மேக்கப்ப கலைக்காதீங்க!" என்று டைரக்டர் பதறினார். நடிகை கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

அக்கா காதில் எதுவும் விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பஞ்சு பழுப்பாகியது. தோல் தெரிந்தது, சுருக்கம் தெரிந்தது. அதற்கப்புறம், மிளகு அளவில், மச்சம் தெரிந்தது. அக்கா அதன்மேல் ஒரு விரலை வைத்தாள். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"இருக்கு" என்றாள்.

மாமா தலையை ஆட்டவில்லை.

"இருக்கேன்" என்றார்.